பிஜிக்குப் போன தாத்தாவைத் தேட

பிஜிக்குக் கூலியாகப் போன தாத்தாவை எப்படித் தேடுவது என்று யாராவது கேட்டால், நான் முதலில் விசாரிப்பது ஆண்டைத்தான். மதராஸிலிருந்து பிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் 1903 முதல் 1916 வரைதான் போயின. 1890 என்று வீட்டில் சொன்னால் மலாயா, இலங்கைப் பக்கமும் பாருங்கள்.

அப்புறம் பெயர். வெறும் ‘கோவிந்தன்’ உதவாது. கப்பலேறியவருக்கு எழுதிய குடியேற்றச் சீட்டில் அப்பா பெயர், வயது, சாதி, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை இருக்கும். பாட்டி ‘புருவத்தில் வெட்டுக்காயம்’ என்றால் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் தங்கம். திருவாரூர், நாகை எல்லாம் அன்று தஞ்சாவூர் ஜில்லா. மயிலாடுதுறை என்று தேடாதீர்கள், மாயவரம்.

சீட்டுகள் பிஜியின் தலைநகர் சுவாவில், தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கப்பலில் வந்தவர்களை சுவாவுக்கு அருகிலுள்ள நுகுலாவ் தீவில் தனிமைப்படுத்தி வைத்துத்தான் தோட்டங்களுக்குப் பிரித்தார்கள். ஆகவே ‘சுவாவில் இறங்கினார்’ என்றால் அங்கேயே வாழ்ந்தார் என்று நினைக்க வேண்டாம். கரும்புத் தோட்டங்கள் பெரும்பாலும் நாடி, பா, லம்பாசா பக்கம். சந்ததியைத் தேடுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள்.