தரைவேகச் சாதனைகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரில் மணிக்கு 400 மைல் வேகத்தை முதலில் தாண்டியவர் யார் என்று கேட்டால், விவரம் தெரிந்த நான்கு பேர் நான்கு பெயர்களைச் சொல்லக்கூடும். 1947-இல் ஜான் காப் ஒரு திசை ஓட்டத்தில் 403 மைலைத் தொட்டார். 1960-இல் மிக்கி தாம்ப்சன் 406.60 மைல் வேகத்தில் ஓடினார். 1963-இல் கிரெய்க் பிரீட்லவ் 407.447 மைல் எடுத்தார். 1964-இல் டொனால்ட் கேம்ப்பெல் 403.10 மைலை உலகச் சாதனையாகப் பதிவு செய்தார். நான்கு பதில்களும் சரிதான், ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான பதில். ஹாட் ராட் (வேகத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் வெட்டி மாற்றிய பழைய கார்), கிளாசிக் கார், தரைவேகம் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும் பகிர்கிறவர்களும் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, இந்தக் கேள்விகளைப் பிரித்துப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதால் வருபவை.

முதலாவதும் மிகப் பரவலானதுமான தவறு, ஒரே ஓட்டத்தில் எட்டிய வேகத்தைச் சாதனை என்று எழுதுவது. உலகச் சாதனைகளை அங்கீகரிக்கும் எஃப்.ஐ.ஏ. என்ற சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் விதிப்படி, கார் அளவிடப்பட்ட தூரத்தை ஒரு திசையில் கடந்து, ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் கடக்க வேண்டும். இரண்டின் சராசரியே சாதனை. பின்காற்றும் தரையின் சிறு சரிவும் ஒரு திசையில் தரும் உதவியை மறு திசையில் பறித்துக்கொள்ளும் என்பதே இந்த விதியின் அடிப்படை. காப் 403 மைலைத் தொட்டது உண்மை, ஆனால் அவர் பெயரில் பதிவான சாதனை இரு திசைகளின் சராசரியான 394.196 மைல்தான்.

மிக்கி தாம்ப்சனின் கதை இதைவிட வலி மிகுந்தது. கலிபோர்னியாவின் ஹாட் ராட் உலகில் வளர்ந்த அவர், நான்கு பான்டியாக் எஞ்சின்களைப் பொருத்தித் தாமே உருவாக்கிய சேலஞ்சர் 1 காரை, 1960 செப்டம்பர் 9 அன்று யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புவெளியில் 406.60 மைல் வேகத்தில் ஓட்டினார். திரும்பும் ஓட்டத்தில் எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டு முறிந்தது. அத்துடன் சாதனையும் போயிற்று. அவர் எட்டிய வேகத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் உலகச் சாதனைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அவரைப் பற்றி எழுதும்போது "400 மைலைத் தாண்டிய முதல் அமெரிக்கர்" என்று எழுதலாம், "உலகச் சாதனையாளர்" என்று எழுதினால் பிழை. இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுவது அவருக்குச் செய்யும் குறைவு அன்று. அந்தத் தண்டு முறிந்ததன் கனத்தை வாசகர் உணர வேண்டுமானால் விதி என்ன என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் என்ற வரம்பு எவ்வளவு கறாரானது என்பதற்கு 1997 அக்டோபர் 13 சாட்சி. நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் திரஸ்ட் எஸ்.எஸ்.சி. காரை ஆண்டி கிரீன் அன்று இரு திசைகளிலும் ஒலியின் வேகத்துக்கு மேல் ஓட்டினார். ஆயினும் காரைத் திருப்பி மறு ஓட்டத்துக்குத் தயார் செய்வதற்குள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகிவிட்டதால் அது சாதனையாகவில்லை. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 15 அன்று, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து 763.035 மைல் என்ற சாதனையைப் பதிவு செய்தனர். அது இன்றும் நிற்கிறது.

இங்கேயே இன்னொரு குழப்பம் தொடங்குகிறது. எல்லாச் சாதனைகளும் எஃப்.ஐ.ஏ. விதிப்படிதான் பதிவாகின்றன என்று எண்ணிவிடக்கூடாது. 1937-இல் தொடங்கப்பட்ட தென் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம், அதாவது எஸ்.சி.டி.ஏ., 1949 முதல் பான்வில்லில் 'ஸ்பீட் வீக்' என்ற வேகப் போட்டி வாரத்தை நடத்துகிறது. ஹாட் ராட் ஓட்டுநர்களின் சாதனைகளில் பெரும்பகுதி அங்கே பதிவாவதுதான். அங்கும் இரண்டு ஓட்டங்களின் சராசரியே கணக்கு, ஆனால் இரண்டும் ஒரே திசையில் ஓடப்படுபவை. நடப்புச் சாதனையை முதல் ஓட்டத்தில் மிஞ்சிய கார் கண்காணிப்பில் உள்ள தனிப் பகுதிக்குக் கொண்டுபோகப்படும்; அங்கே குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டுமே அதில் கைவைக்கலாம்; மறுநாள் காலை இரண்டாம் ஓட்டம். ஆகவே ஒரு ஸ்பீட் வீக் சாதனையை "இரு திசைச் சராசரி" என்று எழுதுவது, கண்ணியமான பத்திரிகைகளும் செய்யும் தவறு. அதே சங்கம் எல் மிராஜ் வறண்ட ஏரிப்படுகையில் நடத்தும் போட்டிகளிலோ ஒரே ஓட்டமே போதும். சாதனை எந்தச் சங்கத்தினுடையது என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால், வாசகரால் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது.

அடுத்தது, காரை எது தள்ளுகிறது என்பதைக் கவனிக்காமல் விடுவது. பிரீட்லவ் 1963-இல் ஓட்டிய ஸ்பிரிட் ஆஃப் அமெரிக்கா ஜெட் எஞ்சினின் உந்துவிசையால் ஓடியது. அதற்கு மூன்று சக்கரங்கள்தான் இருந்தன. கார் என்றால் நான்கு சக்கரங்கள் வேண்டும், குறைந்தது இரண்டையாவது எஞ்சின் சுழற்ற வேண்டும் என்ற அன்றைய விதியின்படி எஃப்.ஐ.ஏ. அதைக் கார் என்றே ஏற்கவில்லை. மோட்டார் சைக்கிள்களுக்கான சர்வதேச அமைப்புதான் அதை மூன்று சக்கர வண்டி என்று பதிவு செய்துகொண்டது. அதனால்தான் 1964 ஜூலை 17 அன்று ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரியில் கேம்ப்பெல் புளூபேர்ட் காரில் எடுத்த 403.10 மைல், பிரீட்லவின் எண்ணைவிடக் குறைவாக இருந்தும் உலகச் சாதனை ஆயிற்று. புளூபேர்டில் இருந்ததும் டர்பைன்தான், ஆனால் அது சக்கரங்களைச் சுழற்றியது. அதன்பின் விதி மாறி, உந்துவிசைக் கார்களும் ஏற்கப்பட்டன. 1964 அக்டோபரில் டாம் கிரீன், ஆர்ட் ஆர்ஃபான்ஸ், பிரீட்லவ் ஆகியோர் ஒருவரையொருவர் மிஞ்சி, அந்த ஒரே மாதத்தில் சாதனையை 413 மைலிலிருந்து 536 மைலுக்குக் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு முழுமையான உலகச் சாதனை ஜெட், ராக்கெட் கார்களின் கைக்குப் போய்விட்டது. ஆனால் சக்கரத்தால் ஓடும் கார்களின் வரலாறு அதோடு முடிந்துவிட்டதாக எழுதுவது பெரும் அநியாயம். 1965 நவம்பர் 12 அன்று சம்மர்ஸ் சகோதரர்களின் கோல்டன்ராட், நான்கு கிரைஸ்லர் ஹெமி எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நான்கு சக்கரங்களையும் சுழற்றி 409.277 மைல் எடுத்தது. மூன்று நாள் கழித்து அதே உப்புவெளியில் பிரீட்லவ் ஜெட் காரில் 600.601 மைல் எடுத்ததும் செய்தித்தாள்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. என் கணிப்பில் கோல்டன்ராடே அரிய சாதனை. உப்பின் மேல் டயர் வழுக்காமல் அவ்வளவு சக்தியைத் தரைக்குக் கொண்டுசேர்ப்பது வேறு வகைச் சிக்கல். ஜெட் காருக்கு அந்தச் சிக்கலே கிடையாது. இரண்டையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக வைத்தால் அந்த உழைப்பு கண்ணில் படாமல் போகும்.

எந்தத் தூரத்தில் அளக்கப்பட்டது என்பதை விட்டுவிடுவதும் இதே போன்ற பிழை. ஒரு மைலுக்கும் ஒரு கிலோமீட்டருக்கும் தனித்தனிச் சாதனைகள் உண்டு. 1970 அக்டோபர் 23 அன்று கேரி கேப்லிச் புளூ ஃபிளேம் ராக்கெட் காரில் ஒரு மைல் தூரத்தில் மணிக்கு 622.407 மைல், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் மணிக்கு 630.388 மைல் என்று இரண்டு சாதனைகளைப் பதிவு செய்தார். 1983-இல் ரிச்சர்ட் நோபிள் திரஸ்ட் 2 காரில் 633.468 மைல் எடுத்து முந்தையதை முறியடித்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது மைல் சாதனை மட்டுமே. புதிய சாதனை பழையதைவிட ஒரு சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்ற விதியால், கிலோமீட்டர் சாதனை 1997 வரை புளூ ஃபிளேமிடமே இருந்தது. இவை தவிர, ஸ்பீட் வீக்கில் அளவிடும் மைலின் கடைசி 132 அடியில் எடுக்கும் 'எக்ஸிட்' வேகம் ஒன்று உண்டு. ரசிகர்கள் பெருமையாகச் சொல்லும் பெரிய எண் பல சமயம் அதுதான்; சாதனைப் புத்தகத்தில் ஏறும் எண் அதைவிடச் சிறியது.

மைலைக் கிலோமீட்டர் என்று மாற்றி எழுதிவிடுவது அற்பமான பிழை போலத் தோன்றும். ஆனால் 763 மைல் என்பது ஏறத்தாழ 1,228 கிலோமீட்டர். அலகை மறந்தால் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போகிறது. சரியாக மாற்றுகிறவர்களும் வேறொரு குழியில் விழுகிறார்கள். ஒலியின் வேகம் மணிக்கு 1,235 கிலோமீட்டர், ஆகவே 1,228-இல் ஓடிய கார் ஒலியை முந்தியிருக்க முடியாது என்று வாதிடுவதைப் பார்க்கலாம். 1,235 என்பது 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள காற்றுக்கான கணக்கு. காற்று குளிரக் குளிர ஒலியின் வேகம் குறையும்; 5 டிகிரியில் அது ஏறத்தாழ 1,204 கிலோமீட்டர்தான். அக்டோபர் மாதப் பாலைவனத்தின் குளிர்ந்த காற்றில் ஆண்டி கிரீன் எட்டியது மாக் 1.02, அதாவது அங்கே ஒலியின் வேகத்தைப் போல 1.02 மடங்கு. வெப்பநிலையைச் சொல்லாமல் மாக் கணக்குப் பேசவே கூடாது.

தரைவேகத்தின் தொடக்கம் பெட்ரோல் எஞ்சினில்தான் என்று எண்ணுவதும் தவறு. பதிவான முதல் சாதனை 1898 டிசம்பர் 18 அன்று பிரான்சின் அஷேரில் ஒரு மின்சாரக் காரில் எடுத்த மணிக்கு 63.15 கிலோமீட்டர். 100 கிலோமீட்டரை முதலில் தாண்டியதும், 1899-இல் கமீல் ஜெனாட்ஸி ஓட்டிய மின்சாரக் கார்தான். 1906-இல் ஸ்டேன்லி நீராவிக் கார் ஃபுளோரிடாவின் கடற்கரை மணலில் எடுத்த 127.659 மைல், நீராவிக் கார்களின் அதிகாரப்பூர்வச் சாதனையாக 2009 வரை நின்றது.

ஹாட் ராட் கலைச்சொற்களில் வரும் பிழைகள் பொருளையே மாற்றிவிடுகின்றன. 'சாப்' என்றால் கூரையைத் தாங்கும் தூண்களை வெட்டிக் கூரையைத் தாழ்த்துவது. 'சேனல்' என்றால் தரைத் தகட்டை வெட்டி, பாடியை முழுவதுமாகச் சேசிஸின் மேல் கீழிறக்குவது. 'செக்‌ஷன்' என்றால் பாடியின் நடுவிலிருந்து ஒரு பட்டையை வெட்டியெடுத்து அதன் உயரத்தையே குறைப்பது. மூன்றையும் "காரைத் தாழ்த்துதல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் ஒன்றை மாதக்கணக்கில் வெட்டிப் பற்றவைத்தவரின் வேலை என்ன என்பதே தெரியாமல் போகும். பழைய காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே மீட்பது வேறு கலை. அந்தக் கலையின் அளவுகோலால் ஹாட் ராட்டை அளந்து, கிளாசிக் காரைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஹாட் ராட்காரர்களைத் திட்டுவதில் பொருளில்லை.

லேக்ஸ்டர், ஸ்ட்ரீம்லைனர் என்ற இரண்டு கார் வகைகளையும் ஒன்றாக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டும் மீன் போன்ற உடல் கொண்டவை. லேக்ஸ்டரின் சக்கரங்கள் நான்கும் வெளியே திறந்திருக்க வேண்டும் என்பதுதான் வேறுபாடு. 1946-இல் பில் பர்க் போர் விமானத்திலிருந்து கழற்றிவிடப்படும் கூடுதல் எரிபொருள் தொட்டி ஒன்றை எடுத்துக் கார் செய்தார். போர் முடிந்து உபரியாகக் குவிந்திருந்த பொருள் அது. காற்றைக் கிழிக்கவென்றே வடிவமைக்கப்பட்ட உலோகக் கூடு. அதற்குள் ஒருவர் உட்கார்ந்து, எஞ்சினையும் பொருத்தி, சக்கரங்களை வெளியே நீட்டிவிட்டால் லேக்ஸ்டர் தயார். அடுத்து வந்தவர்கள் பி-38 விமானத்தின் 315 கேலன் தொட்டியை விரும்பி எடுத்தார்கள், அதில் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்க இடம் இருந்ததால்.

எஞ்சின் அளவு போன்றவற்றால் பிரிக்கும் வகுப்பை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பர்ட் மன்ரோ எடுத்துக்காட்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த அவர் 1920-இல் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் என்ற மோட்டார் சைக்கிளைப் பல பத்தாண்டுகள் தாமே செதுக்கி, 1967-இல் பான்வில்லில் 1,000 சிசி வகுப்பில் 183.59 மைல் சாதனை எடுத்தார். அவரை உலகின் அதிவேக மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் என்று எழுதுகிறார்கள். முந்தைய ஆண்டே வேறொரு மோட்டார் சைக்கிள் அதே உப்புவெளியில் 245 மைலைக் கடந்திருந்தது. மன்ரோவின் பெருமை அந்த வகுப்புக்குள், அந்தப் பழைய எஞ்சினோடு இருக்கிறது. கணக்கில் இருந்த ஒரு பிழையை அவருடைய மகன் கண்டுபிடித்ததால், 2014-இல் அந்தச் சாதனை 184.087 மைல் என்று திருத்தப்பட்டது. பழைய எண்ணை இன்னும் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, பான்வில்லை எப்போதும் தயாராகக் கிடக்கும் ஓடுபாதை போல எழுதுவது. அந்த உப்பு ஆண்டுதோறும் நீரில் மூழ்கி, உலர்ந்து, இறுக வேண்டும். ஸ்பீட் வீக் 2014-இல் மழையால் நின்றது. 2015-இல் உப்புத்தளம் ஈரமாகவும் மெல்லியதாகவும் இருந்ததால் நின்றது. 2022-இல் வெள்ளத்தால் நின்றது. மிக்கி தாம்ப்சன் 1968-இல் கட்டிய சேலஞ்சர் 2 காரையும் மழைதான் கொட்டகைக்கு அனுப்பியது. அவர் 1988-இல் கொல்லப்பட்டார். அவருடைய மகன் டேனி அந்தக் காரை மீண்டும் எடுத்து, நைட்ரோ எரிபொருளில் ஓடும் இரண்டு ஹெமி எஞ்சின்களைப் பொருத்தி, 2018 ஆகஸ்டில் ஸ்பீட் வீக்குக்குக் கொண்டுவந்தார். முதல் நாள் ஓட்டம் 446.605 மைல். கார் கண்காணிப்புப் பகுதிக்குப் போயிற்று. மறுநாள் காலை அதே திசையில் இரண்டாம் ஓட்டம் 450.909 மைல். சராசரி 448.757, எஸ்.சி.டி.ஏ. சாதனை, சக்கரத்தால் ஓடும் பிஸ்டன் எஞ்சின் காரில். இம்முறை எந்தத் தண்டும் முறியவில்லை.