குளிரில் ஸ்னோமொபைல் சஸ்பென்ஷன் முரண்டு பிடித்தால் எங்கிருந்து தொடங்குவது?

நேற்று மாலை மெத்தென்று ஓடிய ஸ்னோமொபைல், அதாவது பனிமேல் ஓடும் வண்டி, இன்று காலை மைனஸ் 25 டிகிரியில் ஒவ்வொரு மேட்டிலும் முதுகைப் பதம் பார்க்கிறது. புதிதாக ஓட்டுபவர்கள் உடனே "ஷாக் போச்சு" என்று முடிவுகட்டிவிடுவார்கள். குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர் ஒரே இரவில் போவது அபூர்வம். அடியில் பனிக்கட்டி பிடித்திருக்கும், அல்லது ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய் கெட்டியாகியிருக்கும். இரண்டுக்கும் செலவில்லை. அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் கீழே உள்ள வரிசையில் பார்த்துக்கொண்டு போங்கள். கனடாவில் ஒன்டாரியோவின் வடக்கே டிமின்ஸ், காக்ரேன் பக்கம் ஓட்டுபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கியூபெக்கிலும் இதே கதைதான்.

எது எங்கே இருக்கிறது

முன்னால் ஸ்கீ எனும் சறுக்குப் பலகைகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷாக். பின்னால் ரப்பர் டிராக்கின் வயிற்றுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. அதைத்தான் ஸ்கிட் என்கிறார்கள். அதில் நீளமாக இரண்டு ரெயில், ரெயிலுக்கு அடியில் ஹைஃபாக்ஸ் எனும் பிளாஸ்டிக் பட்டை, சில சிறு சக்கரங்கள். சட்டத்தை வண்டியோடு இணைக்க முன்னும் பின்னுமாக இரண்டு கைகள். முன்கைக்கு நடு ஷாக், பின்கைக்குப் பின் ஷாக். பல மாடல்களில் பின்பக்கம் இடமும் வலமும் ஒவ்வொரு டார்ஷன் (முறுக்கு) ஸ்பிரிங். முன்கை அளவுக்கு மீறி இறங்காமல் பிடித்துவைப்பது லிமிட்டர் வார்.

1959-இல் கியூபெக்கின் வால்கூர் ஊரில் பொம்பார்டியர் நிறுவனம் ஸ்கீ-டூ எனும் ஸ்னோமொபைலை விற்கத் தொடங்கியபோது இவ்வளவு சிக்கல் இல்லை. ஸ்கீக்கு இலை ஸ்பிரிங், டிராக்குக்குள் போகி எனும் சிறு சக்கரத் தொகுதிகள், அவ்வளவுதான். மீதியை ஓட்டுபவரின் இடுப்பு பார்த்துக்கொண்டது!

தொடுவதற்கு முன்: என்ஜினை நிறுத்துங்கள், சாவியையும் பாதுகாப்புக் கயிற்றையும் கழற்றுங்கள், சமதளத்தில் பின்பகுதியை உறுதியான ஸ்டாண்டில் ஏற்றுங்கள். கையுறை கழற்ற வேண்டாம். இந்தக் குளிரில் ஈரக் கை இரும்பில் ஒட்டிக்கொள்ளும், தோலோடுதான் வரும்.

படி 1: பனிக்கட்டியைத் தேடுங்கள்

ஓடும்போது டிராக் பனியை அள்ளி உள்ளே வீசுகிறது. திரவக் குளிர்விப்பு வண்டிகளில் டிராக்குக்கு மேலே உள்ள கூரையில் வெப்பமாற்றி இருப்பதால் அந்தப் பனி கொஞ்சம் உருகிச் சொட்டும். வண்டியை நிறுத்தியதும் சொட்டிய நீரெல்லாம் ஸ்கிட் கைகளின் மூட்டுகளிலும் ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவிலும் கல்லாக உறைந்துவிடும். கை மடங்க இடமில்லாதபோது எவ்வளவு விலை உயர்ந்த ஷாக்காக இருந்தாலும் என்ன செய்யும்?

டார்ச் அடித்துப் பாருங்கள். கைக்கும் ரெயிலுக்கும் நடுவே கட்டி இருக்கிறதா? சிறு சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாத சக்கரத்தில் ஒன்று பனி பிடித்திருக்கிறது, இல்லை பேரிங் போயிருக்கிறது.

கட்டியை ரப்பர் சுத்தியலால் தட்டியோ மரக்குச்சியால் நெம்பியோ எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், ஷாக் தண்டில் ஒரு கீறல் விழுந்தால் சீல் கிழிய அதுவே போதும். தீச்சுவாலை கூடவே கூடாது. வெந்நீர் ஊற்றுவதும் தப்பு. அது மூட்டுக்குள் இருக்கும் புஷ் எனும் வளையத்துக்குள் இறங்கி, பத்து நிமிடத்தில் முன்னைவிட மோசமாக உறையும்.

சூடான கராஜ் இருந்தால் நல்லது, ஆனால் பாதி உருகிய வண்டியை வெளியே எடுக்காதீர்கள். முழுக்க உருகி, சொட்டி, காய்ந்த பிறகு எடுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் வண்டி வெளியிலேயே இருக்கட்டும்.

காலையில் வண்டி நகரவே மறுத்தால் டிராக் தரையோடு உறைந்திருக்கலாம். கடினமான பாதையில் வேகமாக வந்து நிறுத்தியிருந்தால், சூடேறி இளகிய ஹைஃபாக்ஸ் டிராக்கின் உலோகக் கிளிப்புகளோடு ஒட்டியிருக்கவும் கூடும். திராட்டிலை அழுத்தி இழுக்காதீர்கள், டிரைவ் பெல்ட் கருகும். பின் பம்பரைத் தூக்கித் தூக்கிப் போட்டால் பெரும்பாலும் விடுபடும். மாலையில் நிறுத்தும்போதே இப்படி இரண்டு முறை செய்து பனியை உதறி, பலகை மேல் ஏற்றி நிறுத்தினால் மறுநாள் இந்த வேலை இல்லை.

படி 2: அழுத்திப் பாருங்கள்

ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பின் பம்பரை உடல் எடையால் அழுத்திச் சட்டென்று விடுங்கள். இறங்கவே மறுத்தால் எங்கோ பனியோ இறுக்கமோ மிச்சம் இருக்கிறது. இறங்கியது எழும்பாமல் உட்கார்ந்துவிட்டால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். துள்ளித் துள்ளி அடங்கினால் ஷாக்கில் எண்ணெயோ வாயுவோ குறைந்திருக்கலாம். முன்பக்கமும் இப்படியே. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் அந்தப் பக்க ஸ்பிரிங் அல்லது ஷாக்.

படி 3: மெதுவாக ஓட்டி, மறுபடி அழுத்திப் பாருங்கள்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், உண்மை தெரிவது இங்கேதான். மார்கழியில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து நிற்குமே, அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் ஷாக் எண்ணெயும் குளிரில் தடித்துப்போகிறது. சின்னத் துளைகள் வழியே அது மெதுவாகத்தான் நகரும், அதனால் ஷாக் விறைக்கிறது. ஷாக் வேலை செய்யச் செய்ய எண்ணெய் சூடாகி இளகும்.

10, 15 நிமிடம் நிதானமாக ஓட்டிவிட்டு அழுத்திப் பாருங்கள். இளகியிருந்தால் குறை ஒன்றுமில்லை, காலையில் கொஞ்சம் பொறுமையாகக் கிளம்பினால் போதும். மாற்றமே இல்லை என்றால் எண்ணெய் மேல் பழி போட முடியாது. உறைந்த மூட்டு, காய்ந்த கிரீஸ், வளைந்த தண்டு என்று தேடுங்கள். சூடேறச் சூடேற தொளதொளவென்று ஆனால் ஷாக்கைப் பிரித்துச் சர்வீஸ் செய்ய வேண்டிய நேரம்.

வாயு விஷயமும் உண்டு. 20 டிகிரி அறையிலிருந்து மைனஸ் 30-க்குப் போகும்போது மூடிய கலத்தில் உள்ள வாயுவின் மொத்த அழுத்தம் சுமார் 17 சதவீதம் குறைகிறது. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றே சுமக்கும் ஷாக்குகளில் இது நன்றாகவே தெரியும், வண்டி தாழ்ந்து நிற்கும். அழுத்தத்தைக் கராஜுக்குள் வைக்காமல், வண்டி வெளிக்குளிரில் நன்றாக ஆறிய பிறகு ஷாக் பம்ப்பால் வையுங்கள். நைட்ரஜன் அடைத்த ஷாக்கை வீட்டில் பிரிக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் அழுத்தம் ஆபத்தானது.

தண்டைத் துணியால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது மெல்லிய படலம் இருந்தால் கவலையில்லை. அழுக்கு ஒட்டிய ஈரம், சொட்டு என்றால் சீல் போய்விட்டது. குளிரில் சீல் விறைத்துச் சுருங்குவதால் சில கசிவுகள் வெளியே மட்டும்தான் தெரியும். கராஜுக்குள் வந்ததும் மறைந்துவிடும்.

படி 4: கிரீஸ்

சாதாரண கிரீஸ் கடுங்குளிரில் மெழுகாகிவிடும். குறைந்த வெப்பநிலைக்கான சிந்தெடிக் கிரீஸ் வாங்குங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில் பழையது வெளியே வரும்வரை அடித்தால், மூட்டுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரும் சேர்ந்து வரும். டிரெய்லரில் நெடுஞ்சாலை வழியாகக் கொண்டுபோகிறவர்கள் இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். சாலை உப்பு மூட்டுகளை அரிக்கும்.

படி 5: செட்டிங், இப்போதுதான்

ஷாக்கின் விறைப்பை மாற்றும் கிளிக்கரையும் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றும் கேமையும் முதலில் திருகிவிட்டுப் பிறகு பனிக்கட்டியைக் கண்டுபிடித்தால், எந்த மாற்றம் எதைச் செய்தது என்றே தெரியாது. வண்டி சூடான பிறகு சேக் அளவு, அதாவது நீங்கள் உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள். பின் பம்பரைத் தூக்கி, சஸ்பென்ஷன் முழுக்க நீண்ட நிலையில் தரையிலிருந்து பம்பர் வரை அளக்கவும். அப்புறம் முழு உடுப்போடு, பையோடு நீங்கள் உட்கார, நண்பர் ஒருவர் அதே இடத்தை அளக்கட்டும். பல ஸ்கீ-டூ மாடல்களின் கையேடு இந்த வித்தியாசம் 50 முதல் 75 மில்லிமீட்டர் இருக்கட்டும் என்கிறது. கூடினால் ஸ்பிரிங்கை இறுக்குங்கள், குறைந்தால் தளர்த்துங்கள். மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கையேடு.

டார்ஷன் ஸ்பிரிங் கேமை இருபுறமும் ஒரே நிலையில், ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். மிகக் குறைந்த நிலையிலிருந்து பின்பக்கமாகச் சுற்றி நேரே உச்சத்துக்குத் தாவினால் ஸ்பானர் கையைப் பதம் பார்க்கும்.

வளைவில் ஸ்கீ பிடிக்காமல் வழுக்கினால், முதலில் ஸ்கீக்கு அடியில் உள்ள கார்பைடு எனும் கடினமான விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது நன்றாக இருந்தால் மட்டும் லிமிட்டர் வாரை ஒரு துளை குறைக்கலாம், ஸ்கீ மேல் எடை கூடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பழைய நிலையைப் போனில் படம் எடுத்துவையுங்கள்.

எப்போது கடைக்கு?

ஸ்பிரிங் உடைந்திருந்தால் ஓட்டி வராதீர்கள், உடைந்த முனை டிராக்கைக் கிழிக்கும். ஸ்கிட் கையில் விரிசல், வளைந்த ஷாக் தண்டு, அறுந்த வார், இவையும் டிரெய்லரில் ஏற்ற வேண்டிய கேஸ்கள். மெக்கானிக்கிடம் "சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், வெளியே எத்தனை டிகிரி, கிளம்பும்போது எப்படி இருந்தது, சூடேறிய பிறகு எப்படி ஆனது, இந்த மூன்றையும் சொல்லுங்கள். வண்டி அவருடைய சூடான கடைக்குள் போனதும் அந்தக் குறை தெரியாமலே போகலாம்.