சேலம் டு தூத்துக்குடி 340 கிலோமீட்டர்தானா? விமான நிலைய தூரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால், 340 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம் என்று ஏதாவது ஒரு தளம் சொல்லிவிடும். தயவுசெய்து அதை நம்பிப் பயணத்தை முடிவு செய்யாதீங்க. வரைபடத்தில் சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்துக்கும் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கும் நடுவே இழுத்த நேர்கோட்டின் நீளம்தான் அது. அந்தக் கோட்டில் நேரடி விமானம் போகிறதா என்று அந்தத் தளங்கள் பார்ப்பதே இல்லை.

நேரக் கணக்கும் அப்படித்தான். பெரிய ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, 25 நிமிடம், மேலே ஏற இறங்கக் கொஞ்சம் என்று போட்டுவிடுகிறார்கள். சேலம் போன்ற ஊருக்கு வருவது எழுபது சொச்சம் பேர் உட்காரும் ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானம், அதன் வேகம் 500 கிலோமீட்டரை ஒட்டித்தான்.

சரி, உண்மையில் எப்படிப் போக வேண்டும்? நேரடி விமானம் இல்லையென்றால், உதாரணத்துக்குச் சென்னை போய் மாற வேண்டும். சேலம் சென்னை வான்வழியில் சுமார் 265, சென்னையிலிருந்து தூத்துக்குடி 525, ஆக 790 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் மதுரை வழியாகக் காரில் போனால் 400 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும், ஆறரை ஏழு மணி நேரம். விமானத்தில் இரண்டு பயணத்துக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம்தானே என்று தோன்றும், ஆனால் செக்-இன் கவுண்டர் விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், சென்னையில் இரண்டு மணி நேரமாவது காத்திருப்பு, இந்தப் பக்கம் சேலம் டவுனிலிருந்து கமலாபுரம் 20 கிலோமீட்டர், அந்தப் பக்கம் வாகைக்குளத்திலிருந்து ஊருக்குள் போகணும், எல்லாம் கூட்டினால் அதே ஏழு மணி நேரம்.

நாமக்கல்காரர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். தெற்கே போக வேண்டியவர், விமானத்துக்காக வடக்கே ஓமலூர் பக்கம் எழுபது கிலோமீட்டர் போகிறார். அதே நேரத்தில் காரில் கிளம்பியிருந்தால் கரூரைத் தாண்டியிருப்பார். துறைமுக வேலையாக அடிக்கடி தூத்துக்குடி போகும் கரூர், திருப்பூர் ஏற்றுமதிக்காரர்களுக்கும் இதே கதைதான், புறப்படும் இடம் வீடு, விமான நிலையம் இல்லை.

மலை குறுக்கே இருந்தால் நேர்கோடு இன்னும் ஏமாற்றும். சேலம் மைசூரு விமான நிலையங்களுக்கு நடுவே நேர்கோட்டில் 160 கிலோமீட்டர்தான், ஆனால் சாலையில் சத்தியமங்கலம் வழியாகப் போனால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு, இரவில் வண்டிகளுக்குத் தடை வேறு.

அப்புறம் அலகைப் பாருங்க. சேலம் தூத்துக்குடி தூரம் 184 என்று தெரிந்தால் அது கடல் மைல், ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, மலிவாக இருக்கிறதென்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுப்பது. சேலம் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது, சின்ன ஊருக்கு அடுத்த விமானம் மறுநாளாகக்கூட இருக்கலாம். இரண்டு விமானத்தையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் எடுங்க. நீங்கள் போகும் கிழமையில் சேவை இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்க.