ஒரு மத்தி, ஆறு சோதனைக் குழாய்: புரதத்தை நிறத்தால் அளப்பது எப்படி?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலையில் போய் ஒரே ஒரு மத்தி கேட்டுப் பாருங்கள். "ஒத்த மீன வச்சிக்கினு என்னா தம்பி கொழம்பு வெக்கப் போற?" என்பார் மீன்கார அக்கா. நமக்கு வேண்டியது ஒரு கிராம் சதைதான். ஆனாலும் அரைக் கிலோவாகவே வாங்கிவிடுங்கள், மீதி வீட்டுக்கு ஆகும்.

நாம் செய்யப்போவது பிராட்ஃபோர்டு சோதனை. மேரியன் பிராட்ஃபோர்டு 1976-இல் வெளியிட்ட முறை. கூமாசி நீலம் ஜி-250 என்ற சாயம் அமிலத்தில் செம்பழுப்பாக இருக்கும். புரதத்தோடு ஒட்டிக்கொண்டதும் நீலமாகிவிடும். புரதம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நீலம். (கூமாசி முதலில் கம்பளிக்குப் போட்ட சாயம். கையுறை இல்லாமல் தொட்டால் விரலும் கம்பளிதான்.)

இந்தச் சாயக் கரைசலை, அதாவது ரீஜென்டை, கடையில் வாங்கலாம். நாமே செய்வதென்றால் 100 மி.கி. சாயத்தை 95% எத்தனால் 50 மி.லி.யில் கரைத்து, 85% பாஸ்பாரிக் அமிலம் 100 மி.லி. சேர்த்து, காய்ச்சி வடித்த நீரால் ஒரு லிட்டராக்கி வடிகட்ட வேண்டும். அமிலத்திடம் கவனம். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

இனி மீன். தோல், முள் நீக்கிய சதை ஒரு கிராம் எடையிட்டு, குளிர்ந்த பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல், பி.ஹெச். 7.4) நன்றாக அரையுங்கள். கல்வத்தை ஐஸ் மேல் வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர் சூட்டில் மீன் சீக்கிரம் கெடும், அதிலுள்ள என்சைம்களே புரதத்தை அறுக்கத் தொடங்கும். மொத்தம் 10 மி.லி. ஆக்கி, குளிர் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றுங்கள். மத்தி கொழுப்பு மீன் என்பதால் மேலே எண்ணெய்ப் படலமும் அடியில் கசண்டும் நிற்கும். பிப்பெட் முனையை இரண்டிலும் படாமல் நடுவில் இறக்கித் தெளிந்ததை மட்டும் எடுங்கள். எண்ணெய் கலந்தால் கரைசல் கலங்கி, ரீடிங் பொய்யாக ஏறும்.

அடுத்தது ஸ்டாண்டர்ட், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க அளவு தெரிந்த புரதம். மாட்டு சீரம் ஆல்புமின் (மாட்டு இரத்தத்திலுள்ள புரதம்) 10 மி.கி.யை 10 மி.லி. பஃபரில் கரைத்தால் மி.லி.க்கு 1 மி.கி. ஆறு குழாய்களில் அதை 0, 20, 40, 60, 80, 100 மைக்ரோலிட்டர் விட்டு, எல்லாவற்றையும் பஃபரால் 100 மைக்ரோலிட்டர் ஆக்குங்கள். ஒவ்வொரு முறையும் பிப்பெட் டிப் மாற்றுங்கள். முதல் குழாய்தான் பிளாங்க், அதில் புரதமே இல்லை. மீன் சாற்றைப் பத்து மடங்கு நீர்த்து, அதிலிருந்து 100 மைக்ரோலிட்டர் தனிக் குழாயில். முடிந்தால் எல்லாமே இரண்டிரண்டு குழாயாக வையுங்கள்.

எல்லாக் குழாயிலும் ரீஜென்ட் 5 மி.லி. விட்டு மெல்லக் கவிழ்த்துக் கலக்குங்கள். குலுக்கினால் நுரைக்கும். ஐந்து நிமிடம் கழித்து ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை (நிறத்தின் அடர்வை ஒளியால் அளக்கும் கருவி) 595 நானோமீட்டரில் வைத்து, பிளாங்கால் பூஜ்ஜியமாக்கிப் படியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். சாயம் குவார்ட்ஸ் குவெட்டில் (கரைசலை ஊற்றிக் கருவியில் வைக்கும் சிறு பாத்திரம்) ஒட்டும், பிளாஸ்டிக் குவெட் போதும்.

பிளாங்கே நீலமாக இருக்கிறதா? எனக்கும் முதல் நாள் அப்படித்தான் ஆனது. அரைநாள் ரீஜென்டைத் திட்டினேன். பாத்திர சோப்பில் கழுவி, அவசரத்தில் சரியாக அலசாமல் விட்டது நானேதான் என்று அப்புறம் தெரிந்தது. சோப்பும் இந்தச் சாயத்தை நீலமாக்கும்.

சரி, கணக்கு. கிராஃபில் கிடையாகப் புரதத்தின் மைக்ரோகிராம், நெடுக்காக ரீடிங். கோடு மேலே போகப் போக வளையும், ஏனென்றால் ஒட்டுவதற்குச் சாயம் குறைந்துகொண்டே வருகிறது. நேராக இருக்கும் பகுதியை மட்டும் நம்புங்கள். மீன் ரீடிங் அதைத் தாண்டினால் கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டாதீர்கள், சாற்றை இன்னும் நீர்த்து மறுபடி செய்யுங்கள். தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான்.

எடுத்துக்காட்டாக, மீன் குழாயில் 50 மைக்ரோகிராம் வந்தால், 100 மைக்ரோலிட்டரில் அவ்வளவு, அதாவது மி.லி.க்கு 0.5 மி.கி. பத்து மடங்கு நீர்த்ததால் 5 மி.கி. மொத்தச் சாறு 10 மி.லி., ஆகவே ஒரு கிராம் சதையில் 50 மி.கி.

மீனில் நூற்றுக்கு இருபது பங்கு வரை புரதம் என்கிறார்களே, நமக்கு ஐந்துதானே வருகிறது என்று தோன்றும். அந்த இருபது, மொத்த நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிய கணக்கு. நாம் அளந்தது பஃபரில் கரைந்ததை மட்டும். தசை இழைப் புரதங்கள் இந்தப் பஃபரில் கரையாமல் அந்தக் கசண்டிலேயே கிடக்கின்றன. அதனால் கசண்டைக் கொட்டிவிடாதீர்கள். 0.6 மோலார் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த பஃபரில் அதை மறுபடி அரைத்தால் அவற்றில் கணிசமான பங்கு கரைந்து வெளியே வரும்.