வன்னியில் எண்ணெய் தேடுவோர் தடுக்கி விழும் இடங்கள்

போன மாரி முடிந்த கையோடு முரசுமோட்டையிலிருந்து மாமா போன் எடுத்தார். "தம்பி, கிணத்துத் தண்ணியில எண்ணெய் மிதக்குது. நீலமும் மஞ்சளுமா மினுங்குது. நீ உதுதானே படிச்சனி, என்னெண்டு சொல்லு."

"ஒரு குச்சியால கலைச்சுப் பாருங்கோ. திரும்ப ஒட்டுதோ, உடைஞ்சு கிடக்குதோ?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "உடைஞ்சுதான் கிடக்குது. அப்பளத் துண்டு மாதிரி" என்றார்.

அது இரும்பு. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் பக்டீரியாக்களின் உதவியோடு மெல்லிய ஆடையாகப் படர்கிறது. குச்சி பட்டால் கோணல்மாணலான துண்டுகளாக உடைந்து அப்படியே நிற்கும். உண்மையான எண்ணெய்ப் படலமோ சுழன்று சுழன்று திரும்ப ஒன்றுசேரும். அப்படிச் சேர்ந்தாலும் துள்ள வேண்டாம். கிணற்றுக் கட்டில் இருக்கும் இறைக்கிற மிசினின் டீசல் தாங்கியை முதலில் பாருங்கள்.

குமிழி விடும் குழாய்க்கிணறும் இதே கதைதான். சேற்றில் புதைந்த இலைகுழை அழுகினாலும் மீதேன் வரும், தீக்குச்சி காட்டினால் எரியவும் செய்யும். ஆழத்தில் வெந்து உருவான வாயுவில் மீதேனோடு ஈதேன், புரொப்பேன் போன்றவையும் கலந்திருப்பது வழக்கம். சேற்று வாயு ஏறத்தாழ வெறும் மீதேன். ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது.

கிணற்றைப் பார்த்து ஏமாறுபவர்களைவிட வரைபடத்தைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். காவேரிப் படுகை, அதாவது படிவுப் பாறை தடிப்பாக நிரம்பிய பெரும் பள்ளம், தமிழ்நாட்டுக் கரையிலிருந்து பாக்கு நீரிணைக்கு அடியால் நமது வடக்குக்கும் நீள்கிறது என்பது சரி. அதற்காக வன்னி முழுவதும் படுகை ஆகிவிடாது. பூநகரி, முருங்கன் பக்கம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் உண்டு. வவுனியாப் பக்கம் குழாய்க்கிணறு அடிப்பவரைக் கேளுங்கள்: கொஞ்ச ஆழத்திலேயே கருங்கல் தட்டும், வெளியே வரும் தூளில் மைக்கா மினுங்கும். வெப்பத்திலும் அமுக்கத்திலும் உருமாறிய மிகப் பழைய பாறை அது. புவியியலாளர்கள் அந்தப் பாறைத் தொகுதிக்கு வைத்த பெயரே வன்னித் தொகுதி. எண்ணெய்க்கு மூலமான சேதனப் பொருள் (பழைய உயிர்களின் எச்சம்) அதில் எப்போதோ வெந்து முடிந்திருக்கும்.

"வியட்நாமில் கருங்கல்லிலிருந்தே எண்ணெய் எடுக்கிறார்களே" என்று ஒருவர் மடக்குவார். எடுக்கிறார்கள்தான். காவேரிப் படுகையின் இந்தியக் கடற்பகுதியில் பீவை-1 வயலிலும் வெடிப்பு விழுந்த அடிப்பாறையில்தான் வாயு இருக்கிறது. ஆனால் அது அந்தப் பாறையில் விளைந்ததல்ல. பக்கத்தில் ஆழமாகப் படிந்த மாக்கல்லில் (சேறு இறுகிய பாறையில்) உருவாகி வெடிப்புகளுக்குள் குடிபுகுந்தது. பக்கத்தில் அப்படியொரு படிவு இல்லாத இடத்தில் வெடிப்புக்குள் தண்ணீர்தான் இருக்கும்.

தமிழ்நாட்டு எண்ணெய் வயலான நரிமணத்தை வைத்து, "நரிமணத்தில் இருந்தால் இங்கேயும் இருக்கும், அவன் அங்கிருந்து உறிஞ்சுகிறான்" என்ற தேநீர்க்கடைக் கதையும் உண்டு. காவேரிப் படுகை ஒரே தாச்சி போன்றதல்ல. மண்டபம்–நெடுந்தீவு மேடு போன்ற அடிநில மேடுகள் அதைப் பல பள்ளங்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதனதன் படிவு, அதனதன் சூடு.

சூட்டுக்கு ஒரு கணக்கு. நிலமட்டத்தில் 28 பாகை, கிலோமீற்றருக்கு 30 பாகை ஏறுகிறது என்று வையுங்கள். எண்ணெய் உருவாக ஏறத்தாழ 60 முதல் 120 பாகை வேண்டும். அதாவது மூலப்பாறை (எண்ணெய் விளையும் பாறை) ஒரு கிலோமீற்றருக்குக் கீழே போயிருக்க வேண்டும், மூன்று கிலோமீற்றர் தாண்டினால் வாயுதான் கூடுதலாக வரும். இந்தக் கணக்கைப் போட்டவுடன் பலர் செய்யும் பிழை, இன்றைய ஆழத்தை மட்டும் எடுப்பது. மேலிருந்த படிவு அரித்துப் போயிருந்தால் பாறை ஒருகாலத்தில் இன்னும் ஆழத்தில் வெந்திருக்கும். அதனால்தான் பாறைக்குள் இருக்கும் மரத்துணிக்கை எவ்வளவு ஒளியைத் தெறிக்கிறது என்று அளக்கிறார்கள். பாறை கண்ட உச்ச வெப்பத்தின் தடம் அதில் அழியாமல் இருக்கும்.

அடுத்தது குளத்து மனிதருக்குச் சொல்லாமலே விளங்கும் விஷயம். எண்ணெய்ப் பொறி என்பது தலைகீழாகக் கவிழ்த்த குளம். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானதால் மேல்நோக்கி ஏறி, வளைந்த, ஒழுகவிடாத மூடுபாறைக்கு அடியில் தேங்குகிறது. குளத்துக்கு என்னென்ன பார்ப்போமோ அதெல்லாம் இங்கும் பார்க்க வேண்டும். நீரேந்து பரப்பு எங்கே? கட்டு ஒழுகுமா? எந்த மட்டத்தில் வான் பாயும்? நிலத்துக்குள் அனுப்பிய அதிர்வு தெறித்து வருவதை வைத்து வரையும் அதிர்வலைப் படத்தில் பெரிய வளைவைக் கண்டவுடன் அதை அடிவரை நிரப்பிக் கணக்குப் போடுகிறார்கள். வான் மட்டத்துக்கு அப்பால் ஒரு சொட்டும் நிற்காது. அதற்கு முன்பே மூடுபாறையில் ஒரு வெடிப்பு இருந்தால் அதுவரையும்கூட நில்லாது.

எல்லாவற்றையும்விட அடிக்கடி விடுபடுவது காலம். மாரி பெய்து ஓடிய பிறகு கட்டிய குளம் அந்த வருடம் நிரம்பாது. எண்ணெய் நகர்ந்து போன பிறகு உருவான வளைவும் அப்படித்தான். படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே உப்புத்தண்ணீர்.

முருங்கன் கறுப்புக் களியில் மாரிகாலத்தில் கால் வைத்தவருக்கு இன்னொன்றும் விளங்கும். அந்தக் களி மணலைவிடக் கூடுதலாகத் தண்ணீர் பிடிக்கும், ஆனால் கீழே விடாது. பாறையிலும் துளை எவ்வளவு என்பது ஒரு கேள்வி, துளைகள் ஒன்றோடொன்று தொடுகின்றனவா என்பது வேறு கேள்வி. முதலாவதை மட்டும் அளந்து மகிழ்ந்தவர்களுக்குக் கிணறு சொட்டுச் சொட்டாகத்தான் பதில் சொல்லும்.

ஒரு கிணற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்வது இரண்டு பக்கமும் வெட்டும் பிழை. மன்னார்த் தீவின் பேசாலையில் 1970களின் நடுப்பகுதியில் சோவியத் உதவியோடு துளைத்தார்கள், மன்னார் வளைகுடாவில் 1981இல் பேர்ல்-1 கிணறு தோண்டப்பட்டது. வணிக ரீதியில் ஒன்றும் கிடைக்கவில்லை. "இங்கே எண்ணெயே இல்லை" என்ற பேச்சு அதோடு வந்தது. பிறகு 2011இல் கெய்ர்ன் நிறுவனம் மன்னார்ப் படுகையின் ஆழ்கடலில் டொராடோ, பராகுடா கிணறுகளில் வாயு கண்டது. உடனே பேச்சு மறுபக்கம் சாய்ந்தது. அதே தொடரில் மூன்றாவது கிணறு வரண்டு போனதைப் பலர் கவனிக்கவில்லை. 2015இல் நிறுவனம் விலகிக்கொண்டது. வரண்ட கிணறு என்றால் மூலம் இல்லையா, மூடி ஒழுகியதா, வளைவே பிழையாக வரையப்பட்டதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மன்னார்ப் படுகையில் படிவுகளுக்கிடையே எரிமலைப் பாறையும் உண்டு. அதிர்வலை அதில் பட்டுத் தெறிப்பதால் அதற்குக் கீழே படம் கலங்கிவிடும்.

வாய்ப்பைக் கூட்டிப் பார்க்காமல் பெருக்கிப் பார்க்க வேண்டும். மூலம், நகர்வு, எண்ணெயைத் துளைகளில் வைத்திருக்கும் தேக்கப்பாறை, மூடி, பொறி ஆகிய ஐந்தும் தனித்தனியே 70 சதவீதம் நம்பிக்கை தருகின்றன என்று வைப்போம். ஐந்தையும் பெருக்கினால் 17 சதவீதம். ஆறு கிணற்றில் ஒன்று. "எல்லாமே நல்லாத்தானே இருக்கு" என்று நினைக்கும் மனத்துக்கு இது ஏறுவதில்லை, எனக்கும் ஏற வருடக்கணக்காயிற்று.

அளவைக் கணக்கில் இதே பெருக்கல் எதிர்ப்பக்கம் ஏமாற்றும். 10 சதுர கிலோமீற்றர் பரப்பு, 20 மீற்றர் மணற்கல், 20 சதவீதத் துளை, துளையில் 40 சதவீதம் தண்ணீர், மேலே வரும்போது எண்ணெய் சுருங்குவதற்கு 1.3ஆல் பிரித்தல். வருவது ஏறத்தாழ 116 மில்லியன் பீப்பாய். இப்போது 20 மீற்றருக்குள் 8 மீற்றர் மாக்கல் என்று லொக்கில் (கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த பதிவில்) தெரிகிறது, துளை 14 சதவீதம், தண்ணீர் 55 சதவீதம் என்று வையுங்கள். 37 மில்லியன்கூட முழுதாக வராது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் குறைத்தோம். ஆகவே ஒற்றை எண்ணோடு வரும் அறிக்கையை நான் வாசிப்பதில்லை. குறைந்தது, நடு, கூடியது என்று மூன்றும் வேண்டும்.

அந்த 37 மில்லியனும் நிலத்துக்கு அடியில் கிடப்பது. எண்ணெய் வயல்களில் மேலே எடுக்கக்கூடியது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்களவு. கண்டுபிடித்து, எடுக்க முடிந்து, விற்றால் கட்டுப்படியாகும் என்று உறுதியான பங்குக்கே "இருப்பு" என்ற சொல் பொருந்தும். இன்னும் துளைக்காத வளைவுகளில் இருக்கலாம் என்று மதிப்பிட்டதை டொலரில் பெருக்கி, நாட்டின் கடனோடு ஒப்பிட்டுத் தலைப்புப் போடும் பத்திரிகைத் துண்டுகளை மாமா இப்போதும் வட்சப்பில் அனுப்புகிறார். நான் அந்தச் செய்தியில் "இருப்பு" என்று எழுதியிருக்கும் இடத்துக்குச் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.