கடற்பாசி மணிகளால் நீரிலுள்ள செம்பு, ஈயத்தைப் பிடிப்பது எப்படி?

பழுப்புக் கடற்பாசியின் செல்சுவரில் இருக்கும் ஆல்ஜினேட், கால்சியத்தைவிட ஈயத்தையும் செம்பையும் இறுக்கிப் பிடிக்கும். கால்சியம் ஆல்ஜினேட் மணிகளை (சிறு கூழ் உருண்டைகளை) உலோகம் கலந்த நீரில் போட்டால், கால்சியம் வெளியேறி அந்த இடத்தில் உலோகம் உட்கார்ந்துகொள்ளும். இது ஆய்வகச் சோதனை மட்டுமே. சுத்திகரித்த நீரைக் குடிக்கக் கூடாது.

100 மி.லி. காய்ச்சி வடித்த நீருக்கு 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட் போதும். குழாய் நீர் வேண்டாம், அதிலுள்ள கால்சியமே கட்டிதட்ட வைத்துவிடும். பொடியை மொத்தமாகக் கொட்டினால் வெளியே கூழும் உள்ளே உலர்மாவுமாக உருண்டை திரளும். சுழலும் நீரில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, இரவு முழுக்க மூடி வையுங்கள். குமிழிகள் அடங்காவிட்டால் மணிகள் மிதக்கும்.

200 மி.லி. நீரில் 4 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்து, மெல்லக் கலக்கியபடி, ஆல்ஜினேட் கரைசலைச் சிரிஞ்சால் சொட்டுச்சொட்டாக விடுங்கள். மணிக்கு வால் முளைத்தால் சிரிஞ்சை உயர்த்துங்கள், தட்டையானால் தாழ்த்துங்கள். 12 மணி நேரம் ஊறியதும் மூன்று முறை அலசுங்கள்.

சோதிக்க ஈயத்தைவிட மயில்துத்தம் (நீலநிறச் செம்பு சல்பேட்) நல்லது, நிறமே விடை சொல்லும். ஒரு லிட்டரில் 0.4 கிராம் கரைத்தால் ஏறக்குறைய 100 மி.கி. செம்பு. அதில் 200 மி.லி.க்கு 20 கிராம் ஈர மணிகள் போட்டுச் சில மணி நேரம் குலுக்குங்கள். ஒரு மணியை பிளேடால் வெட்டிப் பாருங்கள்: விளிம்பில் நீல வளையம், நடுவில் வெளுப்பு என்றால் செம்பு இன்னும் உள்ளே ஊடுருவவில்லை, அல்லது கரைசலில் செம்பே தீர்ந்துவிட்டது. எது என்பதைக் கரைசலை அளந்துதான் சொல்ல முடியும்.

பலர் கோட்டைவிடும் இடம் பி.எச்., அதாவது கரைசலின் அமிலத்தன்மை அளவு. 4.5 முதல் 5.5 வரை வையுங்கள். 3-க்குக் கீழே ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 6-ஐத் தாண்டினால் செம்பு ஹைட்ராக்சைடாக வீழ்படியும், அதை மணிகளின் வேலை என்று கணக்கெழுதிவிடுவோம். அதற்காகவே மணி போடாத ஒரு குடுவையையும் கூடவே ஓட்டுங்கள். பி.எச்.சைச் சரிசெய்ய பாஸ்பேட், சிட்ரேட் தொடவே வேண்டாம். அவை கால்சியத்தை உருவிவிட, மணிகள் கொழகொழத்துக் கரையும்.

ஆர்செனிக், ஆறு இணைதிறன் குரோமியம் ஆகியவற்றுக்கு இந்த மணிகள் உதவாது. அவை நீரில் நேர்மின் அயனிகளாக இருப்பதில்லை.

மீண்டும் பயன்படுத்த, மணிகளை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அரை மணி நேரம் வைத்து, அலசி, கால்சியம் குளோரைடில் ஊறவிடுங்கள். பிடிபட்ட உலோகத்தில் பெரும்பகுதி இப்போது அந்த அமிலத்தில்தான் இருக்கிறது. தொட்டியில் ஊற்றாமல், பெயரெழுதி ஒட்டிய கன உலோகக் கழிவுப் புட்டியில் சேருங்கள்.