யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நிற்க: அறுபதைத் தாண்டிய பெண்களுக்கு ஒரு செய்முறை

"காலை ஐந்து மணியில் இருந்து வீட்டு வேலை செய்கிறேனே, எனக்கு எதற்கு உடற்பயிற்சி?" வடசென்னையில், தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் எந்த ஆயாவிடம் பேச்செடுத்தாலும் வரும் முதல் பதில் இது. அடி பம்பில் அடித்த தண்ணீரை இடுப்பில் சுமந்து இரண்டு மாடி ஏறியவர்களிடம் போய் உடம்பை அசையுங்கள் என்றால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆனால் அன்று செய்த வேலை இன்று வீட்டில் இல்லை. அம்மி போய் மிக்சி வந்தது. அடுப்பு மேடைக்கு ஏறியது. துணியை இயந்திரம் துவைக்கிறது. கழிப்பறையில் குந்த வேண்டியதில்லை. எல்லாம் நல்லதுதான், யாரும் திரும்ப அம்மிக்குப் போக வேண்டாம். ஆனால் தரையில் உட்கார்ந்து எழுவது என்ற ஓர் அசைவு நம் நாளில் இருந்தே காணாமல் போய்விட்டது. போதாக்குறைக்கு, "நீங்கள் உட்காருங்கள் அத்தை, நான் எடுத்து வருகிறேன்" என்று மருமகள் அன்பாகச் சொல்ல, மிச்சம் இருந்ததும் போனது.

தசை நடுவயதுக்கு முன்பே மெல்லக் குறையத் தொடங்குகிறது. 60 வயதுக்கு மேல் வேகம் கூடுகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பும் சேர்ந்து மெலிகிறது. தசைக்கு வலு சேர வேண்டுமானால், அது பழகிய வேலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். பாத்திரம் நேற்றும் அதே கனம், நாளையும் அதே கனம். அதைத் தேய்ப்பதில் களைப்பு உண்டு, வலு கூடாது.

ஆகவே இங்கே ஒரே ஒரு திறமையைச் சுற்றித்தான் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்: எழுந்து நிற்பது. நடைப்பயிற்சிகூட அதற்குப் பிறகுதான்.

தொடங்கும் முன்

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. படுக்கையில் இருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது, படி ஏறினால் மார்பு அழுத்துகிறது, சமீபத்தில் எலும்பு முறிந்தது, அறுவை சிகிச்சை நடந்தது என்றால் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக்கூடாது.

படி 1: அளந்து பாருங்கள்

கை வைக்காத நாற்காலி ஒன்று, செல்போனில் 30 வினாடி அலாரம், எண்ணுவதற்குப் பேரனோ பேத்தியோ. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுதாக எழுந்து நின்று, முழுதாக உட்காருங்கள். 30 வினாடியில் எத்தனை முறை?

வீழ்ச்சி அபாயத்தைக் கணிக்க உலகெங்கும் பயன்படும் சோதனை இது. பெண்களுக்கு 60 முதல் 64 வயது வரை 12, 65 முதல் 69 வரை 11, எழுபதுகளில் 10, 80 முதல் 84 வரை 9. இதற்குக் கீழே இருந்தால் கால் வலு குறைவு, விழும் வாய்ப்பு அதிகம் என்று பொருள். தொடையில் கை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். அழ வேண்டாம், எண்ணை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். தினத்தாள் கிழிக்கும் நாட்காட்டி வேண்டாம், எண்ணும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். மாத நாட்காட்டி நல்லது.

படி 2: நாற்காலிப் பயிற்சி

இதில்தான் அவசரப்படாமல் நிற்க வேண்டும்.

நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் நாற்காலி. மொசைக் தரையிலும் டைல்ஸிலும் அது பின்னால் வழுக்கும். கால் அடியில் விரிசல் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். சுவரோடு ஒட்டிப் போடுவது கட்டாயம். நைட்டியின் விளிம்பு காலடியில் மாட்டாதபடி கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். சேலையென்றால் கொசுவத்தை ஏற்றிக் கட்டுங்கள். வெறுங்காலில் அல்லது பிடிப்புள்ள செருப்பில் செய்யுங்கள், சாக்ஸ் மட்டும் போட்டு ஒருபோதும் வேண்டாம்.

நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில், முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். பலரும் பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, எழ முடியவில்லை என்கிறார்கள். அப்படி வைத்தால் இருபது வயதுப் பெண்ணாலும் எழ முடியாது. இப்போது மார்பை முன்னால் சாய்த்து, மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே வரும்வரை குனியுங்கள். குதிகாலைத் தரையில் அழுத்தி, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். மேலே வந்ததும் பிட்டத்தை இறுக்கி நேராக நில்லுங்கள். மூச்சை அடக்க வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறும்.

இனி உட்காரும் பகுதி. தொப்பென்று விழாமல், மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். வலு சேர்வதில் பெரும்பங்கு இந்த இறக்கத்துக்கு உண்டு. பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

முதல் வாரம் 5 முறை, ஓய்வு, மறுபடி 5 முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். முழங்கால் வலித்தால் இருக்கையின் மேல் கெட்டியான தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். முடியாதவர்கள் கை ஊன்றியே தொடங்கலாம். பிறகு ஒரு கை, பிறகு கையில்லாமல். 10 முறை சிரமமின்றி வந்துவிட்டால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள், அதன்பின் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. தசை லேசாகப் பிடித்துக்கொண்டு ஓரிரு நாள் வலிப்பது சரி. மூட்டுக்குள் குத்துவது, வீங்குவது சரியில்லை. அப்படியென்றால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

படி 3: சமையல் மேடையில் மூன்று

குக்கர் விசில் வரும்வரை சும்மா நிற்கும் நேரம் எல்லோருக்கும் கிடைக்கிறது. மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், 10 முறை. அடுத்து, சுவரில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி, உடம்பை நேராக வைத்து முழங்கையை மடக்கிச் சுவர் நோக்கிச் சாய்ந்து மீளுங்கள். மூன்றாவது சமநிலை: ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரலைத் தொடும்படி முன்பின்னாக நின்று, மேடையில் விரல் நுனி மட்டும் வைத்து 10 வினாடி. பிறகு விரலையும் எடுத்துப் பாருங்கள். 10 வினாடி நிற்க முடியாதவர்கள் இதைத் தினமும் செய்ய வேண்டும். எரியும் அடுப்புக்கு எதிரே செய்யாதீர்கள், முந்தானை இருக்கிறது.

படி 4: தரையில் இருந்து எழுவது

விழுந்தபின் எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையிலேயே கிடப்பது, சில சமயம் விழுந்த அடியைவிட மோசம். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தை நினைத்துப் பாருங்கள். இந்தப் பயிற்சிக்கு முதல் சில முறை பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

கட்டில் ஓரத்தில் பாய் விரித்து உட்காருங்கள். ஒருக்களித்துப் படுங்கள். கையை ஊன்றி, மண்டியிட்டு நான்கு காலில் வாருங்கள். கட்டில் விளிம்பைப் பிடியுங்கள். வலுவுள்ள காலின் பாதத்தை முன்னால் கொண்டுவந்து தரையில் ஊன்றுங்கள். கட்டிலையும் அந்தப் பாதத்தையும் அழுத்தி எழுந்து, உடனே நடக்காமல் கட்டிலில் உட்கார்ந்து ஒரு நிமிடம் மூச்சு வாங்குங்கள். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள் மண்டியிடும் முன் பிசியோதெரபிஸ்டைக் கேட்க வேண்டும்.

படி 5: யாரும் பேசாத ஒன்று

நடக்க வராமல் நழுவும் பெண்கள் பலருக்கு முழங்கால் காரணமே அல்ல. தும்மினால், இருமினால், வேகமாக நடந்தால் சிறுநீர் கசிகிறது. வெளியே போனால் கழிப்பறை கிடைக்காது என்று காலையில் இருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அதனால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, மயக்கம். பிள்ளைகளிடம் சொல்ல முடியாது, கணவரிடம் சொல்ல விருப்பமில்லை, "வயதானால் அப்படித்தான்" என்று அக்கம்பக்கமும் சொல்லிவிடும். அப்படி இல்லை. இதற்குப் பயிற்சி இருக்கிறது.

உட்கார்ந்தபடி, சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல அடித்தசையை உள்ளே இழுத்துப் பிடியுங்கள். வயிறும் தொடையும் தளர்ந்திருக்கட்டும். 5 வினாடி பிடித்து 5 வினாடி விடுங்கள். இப்படி 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது செய்து பழகக்கூடாது. தொலைக்காட்சித் தொடரின் விளம்பர இடைவேளை இதற்கென்றே அமைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. மாற்றம் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம். ஏதோ கீழே இறங்கி வருவது போல் இருந்தால் அது கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம், வெட்கப்படாமல் மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிள்ளை பெற்றதை இப்போது போய்ச் சொல்வதா என்று தயங்க வேண்டாம், அவர்கள் கேட்பதே அதைத்தான்.

படி 6: எங்கே நடப்பது

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடை போன்ற அசைவு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. மிதமான நடை என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. 10 நிமிடத்தில் தொடங்குங்கள்.

காசிமேட்டுக் கடற்கரைச் சாலையில் காற்று நன்றாகத்தான் வரும், கூடவே கன்டெய்னர் லாரியும் வரும். வேண்டாம். ராயபுரத்துக்காரர்களுக்கு ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949இல் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். திருவொற்றியூரில் வடிவுடையம்மன் கோயில் பிராகாரத்தைச் சுற்றலாம், ஆனால் சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் வெறுங்காலில் சுற்ற வேண்டாம். கல் சூடும் முள்ளும் காலுக்குத் தெரியாது, புண் வந்தபிறகுதான் தெரியும். அம்மனுக்குக் கோபம் வராது, வெளியே செருப்போடு தெருவில் நடந்துவிட்டுச் சன்னதிக்கு மட்டும் போங்கள்.

என் விருப்ப இடம் மெட்ரோ நிலையம்தான். வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் ரயில் ஓடத் தொடங்கியது. நம் வீட்டு மாடிப்படிகள் குறுகல், கைப்பிடி இருக்காது, ஒரு படி உயரம் ஒரு படி தாழ்வு. மெட்ரோவில் படிகள் ஒரே அளவு, கைப்பிடி உறுதி, விளக்கு உண்டு. கைப்பிடியைப் பிடித்தபடி ஏறுங்கள், இறங்குவதற்கு லிப்ட். முழங்காலைப் படுத்துவது இறக்கம்தான். ஐப்பசி, கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும்போது வெளியே போகாமல் நாற்காலிப் பயிற்சியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் நெடி அடிக்கும் நாளில் சன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயே.

படி 7: தட்டில் என்ன இருக்கிறது

வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் தட்டில் சோறும் குழம்பும் இருக்கும், மீன் துண்டு இருக்காது. பயிற்சி செய்தும் தசை சேராததற்கு இது ஒரு காரணம். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதமாவது தேவை என்று வல்லுநர்கள் பலர் சொல்கிறார்கள். 60 கிலோ எடைக்கு 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம் வரை. ஒரு கிண்ணம் சோற்றில் 4 கிராம்தான். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. 100 கிராம் கேழ்வரகு மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஆடி மாதத்துக் கூழை ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ளலாம். கருவாடு மட்டும் ரத்த அழுத்தக்காரர்களுக்கு அளவோடு, அதில் உப்பு அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

படி 8: வரவில்லையா என்று கேட்க ஓர் ஆள்

"எப்போதும் சந்தோஷமாக இருங்கள்" என்று செல்போனில் பூப்படத்தோடு வரும் செய்தியால் யாருக்கும் மனம் தேறியதாக எனக்குத் தெரியாது. கணவர் போன வீட்டில், பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் வரும் பகல் நீளமானது. அதற்கு மருந்து, போக ஓரிடமும், நாம் போகாவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒருவரும். பக்கத்து வீட்டு அக்காவையும் எதிர்வீட்டு நாத்தனாரையும் சேர்த்து மூன்று பேராக மொட்டை மாடியில் நாற்காலி போடுங்கள். பூங்காவில் தெரியாதவரிடம் முதலில் நீங்களே பேசுங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆகவே தங்கை வீட்டுக்குப் போகக் காசு ஒரு காரணமே அல்ல. வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது சிகிச்சை தேவைப்படும் நோய், மருத்துவரிடம் சொல்லுங்கள். பேச ஆளில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, கட்டணம் கிடையாது.

விட்டுப்போனால்

காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், மகள் பிரசவத்துக்கு வருவாள். விட்டுப்போகத்தான் செய்யும். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டிருந்தால் பழைய எண்ணிக்கையில் பாதியில் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டாக ஏற்றுங்கள். தண்ணீர் பாட்டிலைக் கடைசியாகச் சேர்த்தால் போதும். நாற்காலிச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே நாற்காலியில் செய்து, பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே புதியதையும் எழுதுங்கள்.